ஆய்வகத்து இணையத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம்



நம் பள்ளிகள் பலவற்றில் இணையம் ஓர் அறைக்குள் மட்டும் இருக்கிறது. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒவ்வொரு கணினிக்கும் கேபிள் வந்திருக்கும். அலுவலக அறைக் கணினிக்கும் ஒரு கேபிள் போயிருக்கும். அந்த வாசலைத் தாண்டினால் நம்முடைய சொந்த அலைபேசியின் டேட்டாதான் துணை. வகுப்பறையில் ஒரு காணொலியைக் காட்டவோ வருகையைப் பதிவிடவோ சன்னலோரம் போய்க் கையை உயர்த்தி நிற்கும் அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு.

ஏற்கெனவே இருக்கும் கேபிள் வலையமைப்போடு ஒரு வைஃபை ரௌட்டரைச் சேர்த்து, அதே இணையத்தை அடுத்த அறைகளுக்கும் கொண்டுபோகலாம். இதற்குப் புதிய இணைய இணைப்பு தேவையில்லை. கணினிப் பட்டமும் தேவையில்லை. எதை எதோடு இணைக்கிறோம், ஏன் இணைக்கிறோம் என்ற தெளிவு இருந்தால் போதும். எங்கள் பள்ளியில் செய்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். கேபிள் இணைப்பு உள்ள வீட்டுக்கும் இதே முறை பொருந்தும்.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது?

எங்கள் ஆய்வகம் முதல் மாடியில் இருக்கிறது. சாய்தளம் தரைத்தளம் வரைதான். ஒன்பதாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி படிக்கிறாள். வகுப்பு முழுவதும் வினாடி வினாவுக்காக மாடிக்குப் போகும்போது அவள் மட்டும் கீழே அமர்ந்து தாளில் எழுதுவாள். தூக்கிக்கொண்டு போகத் தோழியர் தயாராக இருந்தார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காதது நியாயமும்கூட. அவளை மேலே கொண்டுபோவதை விட இணையத்தைக் கீழே கொண்டுவருவதே சரி என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடிவெடுத்தோம்.

உடன் பணியாற்றும் ஆசிரியை உடனே கேட்டார்: “சார், அப்படின்னா கீழே இன்னொரு கனெக்‌ஷன் வாங்கணுமா?”

“வேண்டாம் டீச்சர். மேலே இருக்கிற ஸ்விட்ச்சில் ஒரு போர்ட் காலியா இருக்கு. அது போதும்” என்றேன்.

தலைமையாசிரியரின் ஒப்புதலையும், ஆய்வகத்தைப் பராமரிப்பவரின் ஒப்புதலையும் முதலில் பெற்றோம். முன்னாள் மாணவர் ஒருவர் வாங்கித் தந்த ரௌட்டரை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம். அதன் பிறகே பெட்டியைப் பிரித்தோம். இந்த வரிசை முக்கியம். பொது வலையமைப்பில் யாருக்கும் தெரியாமல் ஒரு கருவியைச் செருகுவது நல்ல பழக்கமல்ல.

முதலில் ஒரு படம் வரையுங்கள்

வெள்ளைத்தாளில் இப்போதுள்ள அமைப்பை வரையுங்கள். இணைய நிறுவனம் வைத்த பெட்டி ஒன்று இருக்கும். வெளியிலிருந்து வரும் இணையத்தை உள்ளே பகிர்ந்தளிக்கும் முதன்மை ரௌட்டர் பெரும்பாலும் அதுவே. அதிலிருந்து ஒரு கேபிள் ஸ்விட்ச்சுக்குப் போகும். ஸ்விட்ச்சிலிருந்து கணினிகளுக்குப் பிரியும். புதிய ரௌட்டர் இந்த ஸ்விட்ச்சின் ஒரு காலி போர்ட்டில் வந்து சேரப்போகிறது.

அடுத்து, ஆய்வகக் கணினி ஒன்றின் வலையமைப்பு விவரங்களைத் திறந்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று அந்தக் கணினியின் ஐ.பி. முகவரி. மற்றொன்று ‘டீஃபால்ட் கேட்வே’ எனக் காட்டப்படும் முதன்மை ரௌட்டரின் முகவரி. உதாரணமாக, கேட்வே 192.168.1.1 என்றும் கணினி 192.168.1.105 என்றும் இருக்கலாம். முதல் மூன்று எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். அவை ஒரே தெருவின் பெயர் போல. கடைசி எண் கதவிலக்கம்.

இரண்டு வகுப்புத் தலைவர்கள் இருந்தால்?

இந்தக் கதவிலக்கங்களைக் கொடுப்பது யார்? முதன்மை ரௌட்டருக்குள் இருக்கும் டி.எச்.சி.பி. என்ற சேவை. ஒரு கணினியை இயக்கியதும் அது “எனக்கு ஓர் எண் வேண்டும்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிக்கிறது. டி.எச்.சி.பி. தன்னிடம் உள்ள எண்களில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது. கூடவே, “வெளியே போக வேண்டுமானால் இந்த வாசல் வழியாகப் போ” என்று கேட்வே முகவரியையும் சொல்லிவிடுகிறது.

கடையில் வாங்கும் ஒவ்வொரு வைஃபை ரௌட்டருக்குள்ளும் இதே சேவை இயங்கும் நிலையில்தான் வருகிறது. அதை அப்படியே வலையமைப்பில் செருகினால் எண் கொடுப்பவர் இருவராகிவிடுவர். சில கணினிகள் பழையவரிடமும் சில புதியவரிடமும் எண் வாங்கும். புதியவர் காட்டும் வாசலுக்கு வெளிவழியே இல்லாததால், அவரிடம் எண் வாங்கிய கணினிகளுக்கு இணையம் கிடைக்காது. ஒரு கணினியில் வரும், பக்கத்துக் கணினியில் வராது. இணையவழித் தேர்வு நடக்கும் நாளில் இது நேர்ந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும்.

இதை வகுப்பில் நடித்துக் காட்டலாம். ஒரு மாணவரை ‘எண் கொடுப்பவர்’ ஆக்கி, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் 2 முதல் ஓர் எண் எழுதிய சீட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பி, இம்முறை இரண்டு பேரைத் தனித்தனியாகச் சீட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். “எண் 5 எழுந்து நில்” என்றால் இருவர் எழுவார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கருத்து புரிந்துவிடும்.

அமைக்கும் முறை

புதிய ரௌட்டரை உடனே ஸ்விட்ச்சில் செருக வேண்டாம். தனியாக ஒரு மேசையில் வைத்து, மின்சாரம் கொடுத்து, அதன் லேன் போர்ட் ஒன்றை ஒரு மடிக்கணினியோடு மட்டும் கேபிளால் இணையுங்கள். ரௌட்டரின் அடிப்பக்கம் ஒட்டப்பட்ட சீட்டில் அதன் அமைப்புப் பக்கத்தின் முகவரி இருக்கும். அதை உலாவியில் தட்டச்சு செய்தால் பக்கம் திறக்கும். முதல் வேலையாக நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

அந்தப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற தேர்வு இருந்தால் வேலை எளிது. அதைத் தேர்ந்தெடுத்தால் எண் கொடுக்கும் சேவை தானாக நின்றுவிடும். வைஃபைக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துச் சேமித்து, அந்த ரௌட்டருக்குரிய கையேடு சொல்லும் போர்ட்டில் ஸ்விட்ச் கேபிளைச் செருகினால் போதும்.

அந்தத் தேர்வு இல்லாத ரௌட்டரானால் கீழ்க்காணும் வரிசையில் செய்யுங்கள்.

1. ரௌட்டரின் லேன் முகவரியை, பள்ளியின் அதே தெருவில் யாரும் பயன்படுத்தாத ஒரு கதவிலக்கத்துக்கு மாற்றுங்கள். கேட்வே 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். முதன்மை ரௌட்டர் பகிர்ந்தளிக்கும் எண்களுக்குள் அது வந்துவிடக் கூடாது.

2. சேமித்ததும் பக்கம் அறுந்துவிடும். மடிக்கணினியின் கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகி, புதிய முகவரியைத் தட்டச்சு செய்து மீண்டும் உள்ளே போங்கள்.

3. வைஃபையின் பெயர், பாதுகாப்பு முறை, கடவுச்சொல் ஆகியவற்றை அமையுங்கள். பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதையும், பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் இல்லாமல் திறந்து விடவே கூடாது.

4. கடைசியாக டி.எச்.சி.பி. சேவையை நிறுத்துங்கள். இதை முதலிலேயே நிறுத்திவிட்டால் நம் மடிக்கணினிக்கு எண் கிடைக்காமல் நடுவழியில் நிற்க நேரும்.

5. மடிக்கணினியைக் கழற்றிவிட்டு, ஸ்விட்ச்சிலிருந்து வரும் கேபிளைப் புதிய ரௌட்டரின் லேன் போர்ட்டில் செருகுங்கள். நிறம் வேறுபட்டுத் தனியாக நிற்கும் வான் போர்ட்டை இந்த முறையில் காலியாக விட்டுவிடுங்கள்.

வான் போர்ட்டில் செருகினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அப்போது புதிய ரௌட்டர் தனக்குப் பின்னால் இன்னொரு தெருவை உருவாக்கி, நடுவில் ஒரு கதவையும் போட்டுவிடும். கீழே உள்ள டேப்லெட்டுக்கு இணையம் வரக்கூடும். ஆனால், ஆய்வகக் கணினியிலிருந்து அந்த டேப்லெட்டைத் தேடினால் கிடைக்காது. இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டால் இணையமும் தடைபடும்.

இப்போது ஓர் அலைபேசியை வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அதன் விவரத்தில் கேட்வே 192.168.1.1 என, அதாவது பழைய முதன்மை ரௌட்டரின் முகவரியே காட்டினால் எல்லாம் சரி.

ஓர் எச்சரிக்கை. ஸ்விட்ச்சுக்கும் ரௌட்டருக்கும் இடையில் ஒரே ஒரு கேபிள்தான் இருக்க வேண்டும். ஆர்வமுள்ள ஒரு மாணவர் தொங்கும் கேபிளின் இரு முனைகளையும் காலி போர்ட்டுகளில் செருகிவிட்டால் தகவல் வட்டமடித்துப் பெருகி வலையமைப்பே முடங்கிவிடும். உபரிக் கேபிள்களைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

கேபிளும் இடமும்

சாதாரணச் செப்புக் கேபிளை 100 மீட்டர் வரை இழுக்கலாம். எங்களுக்கு 35 மீட்டர் தேவைப்பட்டது. கேட்5ஈ அல்லது கேட்6 வகை போதும். மின்கம்பிகளோடு ஒட்டிப் போகாமல் தனிக் குழாயில் கொண்டுபோவது நல்லது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் திறந்தவெளியில் செப்புக் கேபிள் இழுத்தால் மின்னல் காலத்தில் இருபுறக் கருவிகளும் பாதிக்கப்படலாம். அங்கே கண்ணாடி இழைக் கேபிளே பாதுகாப்பு.

முனையில் பிளக் பொருத்தும் வேலையை மேல்நிலைக் கணினி மாணவர்களைக் கொண்டு ஆசிரியர் மேற்பார்வையில் செய்யலாம். வண்ண வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனைகளிலும் ஒரே வரிசை வேண்டும்.

ரௌட்டரை அலமாரிக்குள்ளோ இரும்பு பீரோவின் பின்னாலோ வைக்காதீர்கள். பயன்படுத்தும் அறைகளுக்கு நடுவில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இதில் இயற்பியல் ஆசிரியருக்கு ஒரு பாடம் இருக்கிறது. வைஃபை பெரும்பாலும் 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. ஒளியின் திசைவேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். அதை 240 கோடியால் வகுத்தால் அலைநீளம் 12.5 செ.மீ. 500 கோடியால் வகுத்தால் 6 செ.மீ. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமாகத் தகவலைக் கொண்டுபோகும், ஆனால் சுவரைத் தாண்டும்போது அதிகம் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை எட்டிப் போகும், ஆனால் அதில் நெரிசல் அதிகம். பக்கத்தில் வேறு வைஃபைகள் இருந்தால் 2.4-இல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை.

மாணவர்களை ஓர் அலைபேசியோடு நடக்கவிட்டு, ஒவ்வோர் அறையிலும் சிக்னல் அளவைக் குறித்து, தூரத்துக்கும் அளவுக்குமான வரைபடம் போடச் சொல்லலாம். சுவர் வரும் இடத்தில் கோடு சட்டென இறங்குவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வேகம் கூடாது, பங்குதான் பிரியும்

புதிய ரௌட்டர் இணையத்தின் எட்டும் தூரத்தைக் கூட்டும். வேகத்தைக் கூட்டாது. நொடிக்கு 40 மெகாபிட் இணைப்பில் 20 டேப்லெட்டுகள் ஒரே நேரத்தில் காணொலி பார்த்தால் ஒன்றுக்குச் சராசரியாக 2 மெகாபிட்தான். வைஃபையில் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே கம்பியில்லாமல் கணினித் தகவல் அனுப்பியபோதும் இதே சிக்கல்தான். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் வீணாகும். ஆளுக்கொரு கணம் காத்திருந்து மீண்டும் அனுப்புவதே அவர்கள் கண்ட வழி. இன்றைய வைஃபை ஒரு படி மேலே போய், யாரும் பேசவில்லையா என்று கேட்டுவிட்டுப் பேசத் தொடங்குகிறது. கையை உயர்த்திவிட்டுப் பேசும் நம் வகுப்பு ஒழுங்குதான் அது.

ஆகவே, பெரிய காணொலிகளை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு டேப்லெட் கொடுங்கள். நகராத கணினிகளைக் கேபிளிலேயே விட்டுவைத்தால் காற்றுவழி நெரிசல் குறையும்.

பயன்பாட்டில் ஒழுங்கு

கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுத வேண்டாம். பள்ளிக் கருவிகளில் ஆசிரியரே பதிந்து கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையும், தெரிந்தவர் பணிமாறுதலில் போகும்போதும் மாற்றுங்கள். பொத்தானை அழுத்தினாலே இணைந்துவிடும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவையுங்கள். விடுமுறை நாள்களில் ரௌட்டரின் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பு இப்போது தரைத்தள அறையில் ஆறு குழுக்களாக அமர்ந்து வினாடி வினா எழுதுகிறது. நான் முன்பு சொன்ன மாணவிதான் ஒரு குழுவின் தலைவி. முதல் நாள் அவள் கேட்டது நன்றியோ வாழ்த்தோ அல்ல. “சார், எங்க டேப்லெட்டுக்கு என்ன நம்பர் கொடுத்திருக்கு?” என்பதுதான்.

நீங்களும் செய்து முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கும். முதலில் வரைந்த படத்தில் புதிய ரௌட்டரையும், அதன் முகவரியையும், கேபிள் போகும் பாதையையும் சேர்த்து, ஆய்வகப் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள். கடவுச்சொற்களை மட்டும் தனி உறையில் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். நாளை நம் இடத்துக்கு வரும் ஆசிரியர், அந்த ஒரு தாளைப் பார்த்தே வேலையைத் தொடர முடிய வேண்டும்.