கிரேன் போன பிறகு ஊருக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: எங்கள் கிராமத்தை ஒட்டிக் காற்றாலை வேலை மும்முரமாக நடக்கிறது. ஊருக்கு நிலையான வருமானம் ஏதும் வருமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: கேட்டு வாங்கினால் வரும். இப்போது பார்க்கிற பரபரப்பு நிலைக்காது. அஸ்திவாரக் குழி, கம்பி கட்டு, கான்கிரீட், நீளமான இறக்கையோடு ஊர் வளைவில் திரும்ப முடியாமல் நிற்கும் டிரெய்லர் என்று இருக்கும்வரை டீக்கடையில் காசு புரளும். இறக்கை சுற்றத் தொடங்கியதும் காவலாளி, பராமரிப்பு ஆள் என்று சிலருக்குத்தான் வேலை.

மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-ல், சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. சேமிப்பு கொஞ்சம், மீதி வங்கிக் கடன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப் பக்கம் அதை நிறுவினார்கள். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் செலவுக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஒரு சின்ன ஊராட்சி கடன் வாங்கத் துணிந்ததே, அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எல்லா ஊராலும் அது முடியாது. ஸ்காட்லாந்தில் மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு ஊர் நிதிக்குத் தரும்படி அரசே நிறுவனங்களுக்குப் பரிந்துரைக்கிறது. அதைச் சொல்லியே நீங்களும் பேசலாம். கிரேன் கிளம்புவதற்குள் கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். லாரி உடைத்த சாலையையும் ஆண்டுத் தொகையையும் எழுத்தில் வாங்குங்கள்.