மில் சங்கு ஓய்ந்த பேட்டை

விடியற்காலை. இன்னும் இருட்டு விலகவில்லை. "ஊ..." என்று நீளமாக ஒரு சங்கு ஊதுகிறது. அது அடங்குவதற்குள் அடுத்த மில்லின் சங்கு ஊதுகிறது. வீடுகளில் விளக்கு எரிகிறது. குழாயடியில் கூட்டம் சேருகிறது. டீக்கடையில் அடுப்பு பற்றுகிறது. தெரு முழுவதும் ஆட்கள் மில்லை நோக்கி நடக்கிறார்கள்.

மும்பை நகரத்தின் நடுவில் தினமும் நடந்த காட்சி இது. 100 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது. பரேல், லால்பாக், வொர்லி, நாய்காவ் ஆகிய பகுதிகள் அடங்கிய பேட்டை அது. அதற்கு மக்கள் வைத்த பெயர் "கிரண்காவ்". மராத்தி மொழியில் "கிர்ணி" என்றால் மில். "காவ்" என்றால் கிராமம். கிரண்காவ் என்றால் மில் கிராமம்.

இன்று அங்கே சங்குச் சத்தம் இல்லை. மில் இருந்த இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. சில இடங்களில் பழைய புகைபோக்கி மட்டும் தனியாக நிற்கிறது.

அந்தப் பேட்டை எப்படி உண்டானது? எப்படி மாறியது? அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது? வாருங்கள், படிப்போம்.

மில் வந்த கதை

மும்பையில் நல்ல துறைமுகம் இருந்தது. சுற்றியுள்ள மாவட்டங்களில் பருத்தி விளைந்தது. 1853-இல் மும்பையிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் நூல் எளிதில் அறாது. பஞ்சாலை நடத்த இவையெல்லாம் உதவின.

1854-இல் காவஸ்ஜி டாவர் என்ற வணிகர் ஒரு நூற்பாலைக் கம்பெனியைத் தொடங்கினார். 1856-இல் அந்த மில்லில் நூல் நூற்கத் தொடங்கினார்கள். மும்பையின் முதல் பஞ்சாலை அதுதான்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி போவது குறைந்தது. அதனால் மும்பைப் பருத்திக்குக் கிராக்கி ஏற்பட்டது. மும்பை வணிகர்கள் பலர் பெரும் பணம் சேர்த்தார்கள். மில்கள் பெருகின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 70-க்கும் மேற்பட்ட மில்கள் வந்துவிட்டன.

ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? கொங்கணக் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். சதாரா, கோலாப்பூர் பக்கமிருந்து வந்தார்கள். வடநாட்டு நெசவாளர்களும் வந்தார்கள். பலர் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள்.

வேலை கடுமையானது. தொடக்கத்தில் வார விடுமுறையே கிடையாது. நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884-இல் மில் தொழிலாளர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். தொழிலாளர்கள் தொடர்ந்து கேட்டார்கள். 1890-இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. அந்த விடுமுறை தானாக வந்ததல்ல, கேட்டுப் பெற்றது.

ஒரு வராந்தா, பல வீடுகள்

இத்தனை பேரும் எங்கே தங்குவது? அதற்காகக் கட்டியவைதான் "சால்" என்ற கட்டடங்கள். நம் ஊர் லைன் வீடுகளை மாடி மாடியாக அடுக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் சால். நீண்ட வராந்தா. வராந்தாவை ஒட்டி வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. கழிப்பறை எல்லோருக்கும் பொது.

1896-இல் மும்பையில் பிளேக் நோய் வந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசலான வீடுகளில் பலர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் விழித்தது. 1898-இல் நகரச் சீரமைப்புக்கு ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அந்த அமைப்பும் சால்கள் கட்டியது. 1920-களில் அரசாங்கம் இன்னும் பெரிய அளவில் சால்கள் கட்டியது. வொர்லி, நாய்காவ், சிவ்ரி முதலிய இடங்களில் அவை எழுந்தன. அவற்றில் ஓர் அறையின் அளவு சுமார் 160 சதுர அடி.

சில அறைகளில் 10 பேருக்கு மேலும் தங்கினார்கள். எப்படி முடிந்தது? மில் மூன்று ஷிப்டு ஓடியது. ஒருவர் வேலைக்குப் போனால் அவர் இடத்தில் இன்னொருவர் படுத்தார்.

டாக்டர் அம்பேத்கரின் குடும்பமும் பரேலில் இப்படி ஒரு சாலில்தான் குடியிருந்தது. 20 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அங்கே வாழ்ந்தார்.

மில்லுக்குள் நடந்த ஓர் அநீதியை அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் அங்கே தாழ்த்தப்பட்ட மக்களைச் சேர்ப்பதில்லை. என்ன காரணம் சொன்னார்கள்? நெசவு நாடாவில் நூல் மாட்டும்போது அதன் முனையை வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். "அவர்கள் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா?" என்று மற்றவர்கள் மறுத்தார்கள். மில் ஒன்றுதான். ஆனாலும் தீண்டாமை மில்லுக்குள்ளும் புகுந்திருந்தது. 1928-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தக் கேள்வியை எழுப்பினார்.

மில்லை நம்பி எழுந்த கடைகள்

ஆயிரக்கணக்கான ஆட்கள் இருக்கும் இடத்தில் கடை வராமல் இருக்குமா? டீக்கடை, மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, தையல் கடை எல்லாம் வந்தன. இரானியர்கள் நடத்திய டீக்கடைகளும் வந்தன. மராத்திப் படம் காட்டும் கொட்டகையும் வந்தது.

இவற்றில் முக்கியமானது "கானாவள்". நாம் மெஸ் என்கிறோமே, அதுதான். பெண்கள் தங்கள் சிறிய அறையிலேயே சமைத்தார்கள். தனியாக வந்த தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் சாப்பாடு போட்டார்கள். தொழிலாளி மாதச் சம்பளம் வாங்கித்தான் பணம் தருவார். ஆனால் அரிசியும் பருப்பும் இன்றே வாங்க வேண்டும். அதனால் அந்தப் பெண்கள் அதிக வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். உழைப்பு அவர்களுடையது. லாபம் வட்டிக்காரருடையது.

1975-இல் பிரேமா புரவ் என்ற பெண்மணி இவர்களை ஒன்றுசேர்த்தார். "அன்னபூர்ணா மகிளா மண்டல்" என்ற அமைப்பைத் தொடங்கினார். பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். வங்கியில் கடன் பெற்றார்கள். வட்டிக்காரர் பிடி தளர்ந்தது.

லால்பாகில் மிளகாய்ச் சந்து ஒன்று உண்டு. அங்கே மிளகாயும் மசாலாப் பொருள்களும் விற்பார்கள். மழைக்காலம் வருவதற்கு முன்பே பெண்கள் அங்கே போவார்கள். ஓர் ஆண்டுக்கு வேண்டிய மசாலாவை வறுத்து, இடித்து வாங்கி வருவார்கள். மில் போன பிறகும் இந்தச் சந்து பிழைத்திருக்கிறது.

லால்பாக் பிள்ளையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த விழா வந்ததற்கும் கடைகளே காரணம். 1932-இல் அங்கிருந்த சந்தை மூடப்பட்டது. மீன் விற்றவர்களும் சிறு வியாபாரிகளும் தெருவுக்கு வந்தார்கள். "எங்களுக்கு நிலையான சந்தை வேண்டும்" என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார்கள். இடம் கிடைத்தது. 1934-இல் பிள்ளையாரை வைத்துக் கும்பிட்டார்கள். இன்று லட்சக்கணக்கானோர் வரும் விழா அது.

சங்கு நின்ற நாள்

1982 ஜனவரி 18. மும்பை மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் அதில் இறங்கினார்கள். தலைவர் தத்தா சாமந்த். கூலி உயர்வு கேட்டார்கள். பதிலி ஆட்களை நிரந்தரம் ஆக்கச் சொன்னார்கள். தாங்கள் விரும்பும் சங்கத்தை அங்கீகரிக்கச் சொன்னார்கள்.

ஒரு மாதம் போனது. ஒரு வருடமும் போனது. முடிவு ஏற்படவில்லை. நகைகள் அடகுக் கடைக்குப் போயின. பலர் கிராமத்துக்குத் திரும்பினார்கள். பல மில்கள் பழைய இயந்திரங்களை மாற்றாமலே ஓடிக்கொண்டிருந்தன. துணி நெய்யும் வேலை விசைத்தறிகளுக்குப் போகத் தொடங்கியிருந்தது. வேலைநிறுத்தத்துக்குப் பின் அது இன்னும் வேகமாகப் போனது. பல ஆயிரம் பேருக்கு மீண்டும் வேலை கிடைக்கவில்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடின.

சாப்பிட ஆள் இல்லை என்றால் கானாவள் எப்படி நடக்கும்? கடன் திரும்பவில்லை என்றால் மளிகைக் கடை எப்படி நடக்கும்? ஒரு சங்கு நின்றால் அதோடு பல அடுப்புகள் அணைகின்றன.

ஒரு சொல்லின் விலை

மில்கள் நின்ற நிலம் சுமார் 600 ஏக்கர். நகரின் நடுவில் இருக்கும் நிலம். அதன் விலை ஏறிக்கொண்டே போனது.

1991-இல் அரசாங்கம் ஒரு விதி போட்டது. மில் நிலத்தை விற்றால் அதை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு நகர மக்களுக்குப் பூங்காவும் மைதானமும் அமைக்க. ஒரு பங்கு எளியவர்களுக்கு வீடு கட்ட. ஒரு பங்கு மில் முதலாளிக்கு.

2001-இல் இந்த விதி மாறியது. மொத்த நிலத்தையும் பங்கு போட வேண்டாம், கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்று ஆனது. மில் வளாகத்தில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? மிகக் கொஞ்சம்தான். "காலி" என்ற ஒரு சொல்லால் மக்கள் பங்கு சுருங்கிவிட்டது. வழக்கு நடந்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாற்றிய விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. மில் நிலங்களில் வணிக வளாகங்களும் அலுவலகங்களும் உயர்ந்தன.

விதி எழுதும் காகிதத்தில் ஒரு சொல் மாறினால் ஒரு பேட்டையே மாறும். அதனால்தான் படிக்கத் தெரிய வேண்டும். படித்ததை நாலு பேருக்குச் சொல்லவும் வேண்டும்.

பெட்டியில் இருந்த காகிதம்

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. "எங்கள் உழைப்பில் வளர்ந்த நிலம். எங்களுக்கு வீடு கொடுங்கள்" என்று போராடினார்கள். அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1982 ஜனவரி 1-இலோ அதற்குப் பிறகோ மில்லில் வேலையில் இருந்தவர்கள் மனுச் செய்யலாம். அவர் இறந்திருந்தால் வாரிசு மனுச் செய்யலாம். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் மனுச் செய்தார்கள். 2012-இல் முதல் குலுக்கல் நடந்தது. வீடுகள் சில ஆயிரம், கேட்டவர்களோ லட்சக்கணக்கானோர். பலர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

மனுவோடு என்ன கேட்டார்கள்? மில்லில் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அடையாள அட்டை, டிக்கெட் எண், சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, ஈ.எஸ்.ஐ. அட்டை போன்றவற்றைக் கேட்டார்கள். மில் மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர்களால் உடனே காட்ட முடிந்தது. தொலைத்தவர்கள் அலைந்தார்கள். 20 வருடம் உழைத்திருக்கலாம். அதைச் சொல்ல ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும்.

நம் தெருவின் கதை

பழைய சால்கள் இப்போது இடிக்கப்படுகின்றன. அரசு கட்டிய சால்களில் குடியிருப்பவர்களுக்கு 500 சதுர அடியில் புது வீடு தருவது திட்டம். தனிக் கழிப்பறை கிடைக்கும். அது நல்லதுதான். ஆனால் வராந்தா போய்விடும். குழந்தை அழுதால் அடுத்த வீட்டு அம்மா ஓடி வந்த இடம் அது. பண்டிகை நாளில் எல்லோரும் கூடிய இடம் அது.

கட்டடம் நிற்காமல் போகலாம். அதன் கதை நிற்க வேண்டும். உங்கள் ஊரிலும் ஒரு பழைய கடைத்தெரு இருக்கும். ஒரு மில்லோ, பட்டறையோ, சந்தையோ இருக்கும். அதன் கதை பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். கேட்டு எழுதி வையுங்கள்.

சொல் தெரிந்துகொள்வோம்

பதிலி ஆள் – நிரந்தர ஆள் வராத நாளில் வேலை பார்ப்பவர்
விசைத்தறி – மின்சாரத்தில் ஓடும் தறி
அத்தாட்சி – நடந்ததைக் காட்டும் சான்று
வாரிசு – ஒருவருக்குப் பின் அவர் உரிமையைப் பெறுபவர்

சிந்திப்போம், பேசுவோம்

1. மும்பையில் பஞ்சாலைகள் பெருகியதற்கு என்னென்ன காரணங்கள்?
2. கானாவள் நடத்திய பெண்கள் வட்டிக்காரரிடமிருந்து எப்படி விடுபட்டார்கள்? உங்கள் ஊரில் அப்படிச் செய்ய முடியுமா?
3. 1991 விதிக்கும் 2001 விதிக்கும் என்ன வேறுபாடு?
4. 160 சதுர அடி அறையா, 500 சதுர அடி வீடா? வராந்தாவை மறக்காமல் பேசுங்கள்.

செய்து பார்ப்போம்

உங்கள் தெருவில் மிகப் பழைய கடை எது? அதை யார், எந்த ஆண்டு தொடங்கினார்கள்? முன்பு என்ன விற்றார்கள்? இப்போது என்ன விற்கிறார்கள்? கேட்டு வந்து 10 வரி எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் உள்ள வேலை அட்டை, சம்பளச் சீட்டு, பட்டா, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்துப் படியுங்கள். பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நகல் எடுத்து, நனையாத இடத்தில் வையுங்கள்.