ஆடும் கப்பலில் பழைய சவரக் கத்தி

சலூன்களில் இப்போது பாதி பிளேடை ஒடித்து மாட்டும் கத்திதான் புழக்கத்தில் இருக்கிறது. இங்கே சொல்லப்போவது அதைப் பற்றியல்ல. கத்தியே பிளேடாக இருக்கும் பழைய முழு எஃகு மடக்குக் கத்தி. அதைக் கப்பலுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "கப்பல் ஆடும்போது கழுத்தை அறுத்துக்கிட்டா என்ன பண்றது?" என்பதுதான். ஆட்டத்தைச் சமாளித்துவிடலாம். துருவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கத்தி முகத்தில் இருப்பது 15 நிமிடம். மற்ற நேரமெல்லாம் அது ஈரக் காற்றில்தான் கிடக்கிறது.

கடலுக்கு இந்தக் கத்தி புதிதும் இல்லை. ஜில்லெட்டின் சேஃப்டி ரேசர் விற்பனைக்கு வந்ததே 1903-இல்தான்; அதுவரை கடலிலும் பெரும்பாலும் இந்தக் கத்திதான். பிரிட்டிஷ் கடற்படை தாடிக்கு அனுமதி தந்தது 1869-இல். அதுவும் தாடியும் மீசையும் சேர்ந்தே இருக்க வேண்டும், மீசை மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தக் காலத்துச் சவரக் கத்தி எஃகுக்கு இருந்த மதிப்பைத் தெரிந்துகொள்ள 1851-இல் வெளிவந்த 'மோபி டிக்' நாவலைப் பார்க்கலாம். கேப்டன் அகாப் திமிங்கில ஈட்டிக்கு முள் அடிக்கச் சொல்லிக் கொல்லனிடம் எடுத்துக் கொடுப்பது தன் சவரக் கத்திகளைத்தான்.

எந்தக் கத்தி?

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், ஜெர்மனியின் சோலிங்கன் இரண்டும் பேர்போன ஊர்கள். ஜோசப் ராட்ஜர்ஸ், வேட் அண்ட் புட்சர் போன்ற ஷெஃபீல்ட் கத்திகள் இன்றும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. காம்பில் நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் கட்டாயப்படுத்தியதன் விளைவு அது.

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை என்று சொல்வார்கள். கப்பலுக்கு 5/8 போதும், மிஞ்சிப்போனால் 6/8. நுனி வட்டமாக இருக்கட்டும். சதுர நுனி மீசை ஓரத்தை நேராக்க நன்றாக உதவும்; ஆடும் தரையில் காது மடலையும் அதே சுத்தத்தோடு கீறும். இருபுறமும் காகிதம்போலக் குடைந்த மெல்லிய கத்தியைவிட, பாதி குடைந்த கத்தி விறைப்பாக நிற்கும், கைக்கும் அடங்கும். கத்தியின் வாய் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிறு சில்லு பெயர்ந்திருந்தால் தீட்டிச் சரிசெய்யலாம். மயிரிழை விரிசல் இருந்தால் அந்தக் கத்தி வேண்டாம்.

கைப்பிடி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். யானைத் தந்தக் கைப்பிடி பார்க்க அழகு. ஆனால் தந்தம் எல்லை தாண்டுவதை சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. துறைமுகத்துக்குத் துறைமுகம் கஸ்டம்ஸைப் பார்க்கிற ஆளுக்கு அந்தத் தலைவலி தேவையில்லை. பழைய செல்லுலாய்டு கைப்பிடி வேறு விதத்தில் மோசம். நாள்பட்டு அது சிதையும்போது அமில ஆவி கிளம்பி, மடக்கி வைத்த எஃகையே தின்னும். கொம்பு, கருங்காலி, சாதாரண பிளாஸ்டிக் இவற்றில் ஒன்றே பாதுகாப்பு.

கை மாறி வந்த கத்தியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்காமல் முகத்தில் வைக்கக் கூடாது. வெந்நீரில் கொதிக்க வைத்தால் கைப்பிடி வளைந்துபோகும். ஒரு முறை சொந்தமாக்கிக்கொண்டால் அதை இன்னொருவருக்கு இரவல் தருவதும் கூடாது; ஹெபடைடிஸ் பி போன்ற தொற்றுகள் இரத்தத்தின் வழியாகப் பரவுபவை.

ஏறும் முன்பு

கத்தியை ஊரிலேயே முழுதாகத் தீட்டிக்கொள்ளுங்கள். 1000 கிரிட் கல்லில் வாயின் சரிவை அமைத்து, 4000, 8000 என்று ஏறி, 12000-இல் முடிக்க வேண்டும். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்க வேண்டும். முதுகைத் தூக்கினால் சரிவு கெட்டது. இந்தக் கற்களை எல்லாம் கப்பலுக்குச் சுமக்க வேண்டாம். ஒரு தோல் பட்டை போதும். அதுவும் தொங்கவிடுகிற வகை வேண்டாம். கப்பல் சாயும்போது அது தொய்ந்தால் வாய் மழுங்கும். மரக்கட்டையில் ஒட்டிய தோலாக வாங்குங்கள்; ஒரு பக்கம் வெறும் தோல், மறுபக்கம் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை. விமானத்தில் கத்தி செக்-இன் பையில்தான் போக வேண்டும். கம்பெனி விதி என்ன என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கப்பலில் கத்தியைப் பார்த்ததும் ஃபிட்டர் அன்போடு சொல்வார்: "குடுங்க சார், கிரைண்டர்ல ஒரு பிடி பிடிச்சுத் தர்றேன்." கொடுக்கவே கொடுக்காதீர்கள். சுழலும் கல்லின் சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாரித்த மறுகணமே எஃகின் பதம் போய்விடும். அதற்குப் பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது.

நேரமும் கடலும்

துறைமுகத்திலோ நங்கூரத்திலோ நிற்கும்போது யோசிக்கவே வேண்டாம். ஓடும் கப்பலில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு ரோலிங்குக்கு ஒரு தாளம் உண்டு; பெரிய சரக்குக் கப்பல் ஒரு முழு ஆட்டம் ஆட 10 முதல் 20 விநாடிகூட எடுத்துக்கொள்ளும். அதைப் பழகிக்கொள்ளலாம். எதிர் அலையில் முகப்பு தூக்கி அடிக்கும் பிட்சிங் அப்படியல்ல. சரக்கு இல்லாமல் பேலாஸ்டில் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் கப்பலே அதிரும். அன்றைக்கு டிராயரில் இருக்கும் சேஃப்டி ரேசரை எடுங்கள். மற்ற நாட்களில் ஒரு சோதனை: வாஷ்பேசினைப் பிடிக்காமல் ஒரு நிமிடம் நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் கத்தியைத் திறக்காதீர்கள்.

கடல் அமைதியாக இருந்தாலும் பிரிட்ஜுக்கு ஒரு போன் போட்டு, "கோர்ஸ் மாத்தப் போறீங்களா?" என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். திசை மாறியதும் ஆட்டமும் மாறும். வாட்சுக்கு முன்னால் அவசரமாக ஷேவ் செய்வதைவிட வாட்ச் முடிந்து செய்வது மேல்.

கடல் அடங்கும்வரை தாடியை விட்டுவிடலாமே என்றால், ஃபயர் டிரில்லில் மாட்டும் பி.ஏ. செட் என்ற மூச்சுக் கருவி இருக்கிறது. அதன் முகமூடி தோலோடு ஒட்டி நின்றால்தான் புகை உள்ளே வராது. இரண்டு மூன்று நாள் முள்தாடியே அந்த ஒட்டுதலைக் கெடுத்துவிடும். டேங்கரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இனி கத்தியை எடுக்கலாம்

பாத்ரூம் கதவைக் கொக்கியில் மாட்டுங்கள் அல்லது தாழிடுங்கள். நடுவில் அது வந்து முழங்கையில் இடிக்கக் கூடாது. பேசினுக்குள் ஒரு துண்டை விரித்து வையுங்கள். கத்தி கை நழுவினால் துண்டில் விழட்டும். எக்காரணம் கொண்டும் பிடிக்கப் போகாதீர்கள்.

தோல் பட்டையில் 50 தடவை. முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் இழுபட வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள். வாயின் மேல் உருட்டினால் தோலும் போச்சு, கூரும் போச்சு.

கப்பலில் கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் தண்ணீர் மிக மென்மையானது. கொஞ்சம் சோப்பிலேயே நுரை பொங்கும். கரையில் பிடித்த தண்ணீர் ஓடுகிற வாரத்தில் அதே சோப்பு பிடிவாதம் பிடித்தால் வியப்பில்லை. வெந்நீரில் முகத்தை இரண்டு நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் நுரையைக் கெட்டியாகப் பூசுங்கள்.

கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலை இளக்கி, இடுப்பைப் பேசினில் சாய்த்து நில்லுங்கள். கத்தி பிடிக்காத கையின் முழங்கை சுவரில் ஊன்றியிருக்கட்டும். அந்தக் கை விரல்கள்தான் தோலை இழுத்துப் பிடிக்கும். கத்தி தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். அதற்கு மேல் நிமிர்ந்தால் சுரண்டும், வெட்டும். ஒரு இழுப்பு ஒரு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு கணம் தயங்கி நிற்கும், அப்போது இழுங்கள். உடல் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும்போது கத்தியைத் தோலிலிருந்து எடுத்துவிடுங்கள். வெட்டு விழுவது அழுத்தத்தால் மட்டுமல்ல. கத்தி வாய் நெடுக நழுவும்போது கவனிக்கும் முன்பே தோல் திறந்துவிடும்.

கன்னத்தில் தொடங்கி, மயிர் வளரும் திசையிலேயே இறங்குங்கள். கழுத்து அடுத்தது. மோவாய் கடைசி, ஆட்டம் கூடினால் அதை மட்டும் சேஃப்டி ரேசருக்கு விட்டுவிடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. எதிர்த்திசையில் இரண்டாவது சுற்று கரைக்கு வந்த பிறகு. சிறு கீறலுக்கு ஈரப் படிகாரம் போதும்.

துருவோடு மல்லுக்கட்டு

கழுவியதும் முதுகிலிருந்து வாய் நோக்கித் துடையுங்கள். மடங்கும் ஆணியைச் சுற்றித்தான் ஈரம் ஒளிந்திருக்கும்; டிஷ்யூவைத் திரித்து உள்ளே நுழைத்து எடுங்கள். வெறும் தோலில் பத்து இழுப்பு மிச்ச ஈரத்தையும் எடுத்துவிடும். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு எஃகிலும், ஒரு சொட்டு ஆணியிலும்.

இதற்கு மேலான பாதுகாப்பு கப்பலிலேயே குப்பையில் கிடக்கிறது. இன்ஜின் ஸ்பேர்களைச் சுற்றி வருகிற துருத் தடுப்பு மெழுகுக் காகிதத்தில் ஒரு துண்டு, எலக்ட்ரானிக் கார்டு பெட்டிகளில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு. கத்தியைக் காகிதத்தில் சுற்றி, பொட்டலங்களோடு மூடிபோட்ட டப்பாவில் போட்டு, கேபின் டிராயரில் பூட்டி வையுங்கள். பாத்ரூம் அலமாரியில் மட்டும் வேண்டாம். அடுத்த ஷேவுக்கு முன் சோப்பால் நன்றாகக் கழுவினால் எண்ணெயும் காகிதத்தின் ரசாயனமும் போய்விடும்.

கத்தி மயிரை இழுக்க ஆரம்பித்தால் பச்சைப் பசையில் பத்து இழுப்பு கொடுங்கள். பல வாரம் தாங்கும். பக்கவாட்டில் செம்புள்ளி தெரிந்தால் மெட்டல் பாலிஷ் போதும். புள்ளி வாயிலேயே விழுந்துவிட்டால் பாலிஷுக்கு அங்கே வேலை இல்லை. எண்ணெய் பூசிக் காகிதத்தில் சுற்றி மூட்டை கட்டுங்கள். ஊருக்குப் போய்க் கல்லில் போடும்வரை சேஃப்டி ரேசர்தான்.