லோகோ மாறினால் ஷூ போலியாகிவிடுமா?

பிராண்டட் ஷூக்களை மறுவிற்பனையில் வாங்குவோர் முதலில் பார்ப்பது லோகோவைத்தான். "இப்போ இப்படி வர்றதில்லையே, டூப்ளிகேட்தான்" என்ற ஒரே வார்த்தையில் நல்ல ஷூ ஒதுக்கப்படுகிறது. லோகோ மட்டும் கச்சிதமாக அமைந்த போலியோ நல்ல விலைக்குப் போகிறது. லேபிள் என்றைக்கும் மாறாது என்ற நினைப்புதான் இரண்டுக்கும் காரணம். ஒரு ஷூவின் காலத்தை அறிய லேபிள் உதவும். ஷூ அசல் என்பதற்கு லேபிள் மட்டுமே சாட்சியாகாது.

நம்பிக்கை 1: ஒரே நிறுவனத்தின் பெயர் இரண்டு விதமாக இருந்தால், ஒன்று போலி.

உண்மை: செலின் நிறுவனம் 1945-இல் பாரிசில் குழந்தைகளுக்கான ஷூக் கடையாகத் தொடங்கியது. அதன் அன்றைய சின்னம் சிவப்பு யானை. 1970-களில் பிணைந்த இரு 'சி' எழுத்துகள் வந்தன. 2018-இல் வடிவமைப்பாளர் எடி சிலிமான் பொறுப்பேற்றதும், பிரெஞ்சு எழுத்தில் பெயரின் மேல் இருந்த சாய்கோடு லோகோவிலிருந்து நீக்கப்பட்டது. இதே சிலிமான்தான் 2012-இல் இவ் சாங் லோரான் நிறுவனத்தின் ஆயத்த ஆடை வரிசையை 'சாங் லோரான்' என்று சுருக்கினார். ஆனால் 1961-இல் வரைகலைஞர் கசாந்தர் வரைந்த 'ஒய்எஸ்எல்' பின்னல் சின்னம் கைவிடப்படவில்லை. அதனால் உள்ளே 'சாங் லோரான்' என்றும் வெளியே 'ஒய்எஸ்எல்' என்றும் ஒரே ஷூவில் இருப்பது இயல்பே. ஃபெராகமோ நிறுவனமும் 2022-இல் கையெழுத்து பாணி லோகோவை மாற்றி, 'சல்வத்தோரே' என்ற முதற்பெயரை எடுத்துவிட்டது.

நம்பிக்கை 2: அசல் என்றால் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சின்னம் இருந்தே தீரும்.

உண்மை: ஏர் ஜோர்டான் என்றதும் பந்தோடு கால் விரித்துத் தாவும் 'ஜம்ப்மேன்' உருவம் நினைவுக்கு வரும். 1985-இல் வந்த முதல் ஏர் ஜோர்டானில் அது கிடையாது. கணுக்கால் பகுதியில் இருந்தது சிறகு முளைத்த பந்து. இரண்டாவது மாடலில் நைக்கியின் பெயர்பெற்ற வளைகோடே இல்லை. ஜம்ப்மேன் ஷூவில் ஏறியது 1988-இல், மூன்றாவது மாடலில்தான்.

நம்பிக்கை 3: பழைய லோகோ இருந்தால் ஷூவும் பழையது.

உண்மை: அடிடாஸின் மூவிலைச் சின்னம் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. 1997-இல் நிறுவனத்தின் பொதுச் சின்னமாக மலை வடிவ மூன்று பட்டைகள் அமர்ந்தன. ஆனாலும் மூவிலை 'ஒரிஜினல்ஸ்' வரிசையில் தொடர்கிறது. இன்று கடையில் வாங்கும் புத்தம்புது சூப்பர்ஸ்டார் மாடலிலும் அதைக் காணலாம். இன்னொரு சான்று, மூன்றாவது ஏர் ஜோர்டானின் 'ஒயிட் சிமென்ட்' நிறப் பதிப்பு. 1988-இல் அதன் குதிகாலில் 'நைக்கி ஏர்' என்று இருந்தது. 2011 மறுவெளியீட்டில் அந்த இடத்தில் ஜம்ப்மேன் வந்தது. 2023-இல் மீண்டும் 'நைக்கி ஏர்'. குதிகாலை மட்டும் பார்த்து முப்பத்தைந்து வருட வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

நம்பிக்கை 4: லேபிள் பிசிறில்லாமல் இருந்தால் ஷூ அசல்தான்.

உண்மை: ஷூவில் நகலெடுக்க எளிதான பகுதிகளில் ஒன்று லேபிள். அழகைப் பார்ப்பதைவிட, அது சொல்லும் தகவல்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இக்கால நைக்கி ஷூக்களின் உள்லேபிளில் ஆறு எழுத்து-எண்கள் கொண்ட மாடல் குறியீடும், அதையடுத்து நிறத்துக்கான மூன்று எண்களும் இருக்கும். அந்தக் குறியீடு வேறொரு மாடலையோ நிறத்தையோ காட்டினால் ஒதுங்கிவிடுவது நல்லது. பெட்டியில் உள்ள குறியீடும் ஒத்துப்போக வேண்டும். தயாரான இடமும் வருடத்தோடு பொருந்த வேண்டும். கான்வர்ஸ் நிறுவனம் 2001-இல் அமெரிக்காவிலிருந்த தன் கடைசி ஆலையை மூடியது. 2010-இல் தயாரானதாகச் சொல்லப்படும் அதன் சக் டெய்லர் ஷூவில் 'மேட் இன் யூஎஸ்ஏ' என்று இருந்தால், சொல்லும் வருடமோ லேபிளோ பொய்.

லோகோவை நினைவில் இருக்கும் படத்தோடு ஒப்பிடாதீர்கள். அந்த மாடல் வெளிவந்த வருடத்துப் படங்களோடு ஒப்பிடுங்கள். பிறகு தையல், பசை, சோல், தோலின் தரம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விற்பவர் "அசல்" என்றால், "எந்த வருடத்து அசல்?" என்று கேளுங்கள். விவரம் அறிந்த விற்பனையாளர் பதில் சொல்வார். அந்தப் பதிலைச் சரிபார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.