வேலை கடல் தாண்டினால் லாபம் யாருக்கு? எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போம்

‘அவுட்சோர்சிங்’ என்ற வார்த்தை உங்கள் வீட்டுக்குப் புதிதாக இருக்காது. பக்கத்து வீட்டுப் பையன் ராத்திரி ஒன்பது மணிக்கு கேப் ஏறி தரமணிப் பக்கம் போகிறான் என்றால் அதற்குக் காரணமே இந்த வார்த்தைதான். எங்கள் பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அப்படி ஏறுகிறவர்களில் நானும் ஒருவன். இந்த மாதம் எந்த சாஃப்ட்வேரையும் புதிதாக இன்ஸ்டால் செய்யப் போவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்ஸெல்லே போதும் (லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் சரி). வேலை வெளிநாட்டுக்குப் போனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற சண்டையை அதிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் இரண்டு வார்த்தைகளைப் பிரித்துக் கொள்வோம். தன் வேலையை இன்னொரு கம்பெனியிடம் கொடுத்தால் அவுட்சோர்சிங். அந்த வேலை வேறு நாட்டுக்குப் போனால் ஆஃப்ஷோரிங். அடையாறு கம்பெனி தன் கேன்டீனை தி.நகர் காண்ட்ராக்டரிடம் விட்டால் அதுவும் அவுட்சோர்சிங்தான். ஆனால் அதற்காக யாரும் பார்லிமென்டில் குரல் எழுப்புவதில்லை. சண்டை எல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான்.

சென்னைக்கு இது வந்த கதை தெரிந்ததுதான். 1994-ல் காக்னிசன்ட் இங்கே தொடங்கியது. பிறகு ஒய்2கே பயத்தில் பழைய கோபால் புரோகிராம்களைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. 2000 ஜூலை 4-ம் தேதி டைடல் பார்க் திறக்கப்பட்டது. 2001-ல் உலக வங்கியே தன் கணக்கு வேலைகளில் ஒரு பகுதியைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. கடன் கொடுக்கிற வங்கியும் செலவைக் குறைக்க நம் ஊருக்குத்தான் வந்திருக்கிறது, பாருங்கள்!

அமெரிக்காவில் பெரிய சண்டை வெடித்தது 2004 பிப்ரவரியில். ஜனாதிபதி புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவர் கிரிகரி மேன்கிவ், வேலைகள் வெளிநாடு போவதும் ஒருவகை வர்த்தகம்தான், நீண்ட காலத்தில் அது நாட்டுக்கு நல்லதாகவே இருக்கும் என்ற பொருளில் பேசினார். அது தேர்தல் வருடம். எதிர்க்கட்சி மட்டுமல்ல, அவர் சார்ந்த கட்சியின் சபாநாயகர் டென்னிஸ் ஹாஸ்டர்ட்டும் கண்டித்தார். மேன்கிவ் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. 1817-ல் டேவிட் ரிக்கார்டோ எழுதிய கணக்கைத்தான் திருப்பிச் சொன்னார்.

எக்ஸெல்லைத் திறந்து அந்தக் கணக்கை அடியுங்கள். முதல் வரிசையில் பி1-ல் துணி, சி1-ல் ஒயின் என்று தலைப்பு. ஏ2-ல் இங்கிலாந்து, பி2-ல் 100, சி2-ல் 120. ஏ3-ல் போர்ச்சுகல், பி3-ல் 90, சி3-ல் 80. ஒரு அளவு சரக்கு தயாரிக்க ஒரு வருடத்துக்கு எத்தனை ஆட்கள் வேண்டும் என்பதுதான் இந்த எண்கள். போர்ச்சுகல் இரண்டிலுமே கெட்டிக்காரன், கவனித்தீர்களா? அப்படியானால் அது இங்கிலாந்தோடு ஏன் வியாபாரம் செய்ய வேண்டும்?

டி2-ல் பி2, சி2 இரண்டையும் கூட்டும் ஃபார்முலாவைப் போட்டு டி3-க்கு இழுத்துவிடுங்கள். அவரவர் வீட்டிலேயே இரண்டையும் செய்துகொண்டால் இங்கிலாந்துக்கு 220 ஆட்கள், போர்ச்சுகலுக்கு 170. இப்போது இங்கிலாந்து துணி மட்டும், போர்ச்சுகல் ஒயின் மட்டும் இரண்டு அளவு செய்து, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொள்ளட்டும். ஈ2-ல் பி2-ஐ இரண்டால் பெருக்குங்கள்: 200. ஈ3-ல் சி3-ஐ இரண்டால் பெருக்குங்கள்: 160. டி-யிலிருந்து ஈ-யைக் கழித்து எஃப் காலத்தில் போட்டால் இங்கிலாந்துக்கு 20, போர்ச்சுகலுக்கு 10 ஆட்கள் மிச்சம். இருவருக்குமே லாபம்! சுதந்திர வர்த்தகத்துக்காக வாதாடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் அஸ்திரம் இதுதான்.

ஷீட்டை மூடிவிடாதீர்கள். அதே 2004-ல், 1970-ல் நோபல் பரிசு வாங்கிய பால் சாமுவேல்சன், தனக்கு 89 வயதானபோது, ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரத்தைப் பார்க்க பி3-ல் இருக்கும் 90-ஐ அழித்து 80 என்று அடியுங்கள். போர்ச்சுகல் துணி நெய்யவும் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். எஃப்3 பூஜ்யமாகிவிட்டதா? 70 என்று போட்டால் மைனஸ் 10. இனி பழைய விலைக்கு போர்ச்சுகல் ஒத்துக்கொள்ளாது. ஒரு அளவு ஒயினுக்கு ஒன்றுக்கு மேல் துணி கேட்கும். இங்கிலாந்துக்கு முன்பு கிடைத்த 20-ல் ஒரு பகுதி போய்விடும். வியாபாரமே இல்லாத நிலையைவிட மோசமாகாது, ஆனால் நேற்று இருந்ததைவிடக் குறையும். நாம் ஏற்றுமதி செய்வதை எதிராளியும் நன்றாகச் செய்யத் தொடங்கினால் நமக்கு நிரந்தர நஷ்டம்கூட வரலாம் என்றார் சாமுவேல்சன். ஜகதீஷ் பகவதி போன்றவர்கள், அந்த வருடமே, இப்படிப் போகும் வேலைகள் மொத்தத்தில் சொற்பம், பயம் அதிகம் என்று வாதிட்டார்கள். 2006-ல் ஆலன் பிளைண்டர் வேறு கோணத்தில் பார்த்தார். படித்தவர், படிக்காதவர் என்பதல்ல கோடு. ஒயர் வழியாக அனுப்ப முடிந்த வேலையா, இல்லையா என்பதுதான் கோடு. எங்கள் லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டிக் கொடுக்கும் அக்காவின் வேலையை யாரும் எந்த நாட்டுக்கும் அனுப்ப முடியாது. என் வேலையை நாளைக்கே அனுப்பலாம்.

இந்த ஷீட்டில் ஒரு காலம் குறைகிறது. இங்கிலாந்தில் ஒயின் செய்துகொண்டிருந்த 120 பேர் மறுநாள் காலையிலேயே தறியில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று கணக்கு சொல்லாமலே வைத்துக் கொள்கிறது. நிஜத்தில் நான் பார்த்தது வேறு. என் முதல் புராஜெக்டில் ஒரு அமெரிக்க அம்மையாரிடம் ஆறு வாரம் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’ வாங்கினேன். எங்கள் பாஷையில் கே.டி. இன்சூரன்ஸ் க்ளெய்ம் பற்றிய வேலை. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆறாவது வாரம் முடிந்தால் அவருக்கு வேலை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடைசி நாள் அவரே, “மாதக் கடைசியில் ஓடும் ஜாப் பற்றி நீ கேட்கவே இல்லையே, அது எந்த டாகுமென்ட்டிலும் கிடையாது” என்று சொல்லி, இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். எனக்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. ‘தேங்க் யூ மேம்’ என்று மட்டும் சொன்னேன்.

லாபம் பெற்றவர்கள் நஷ்டப்பட்டவருக்கு ஈடு கொடுத்தாலும் மிச்சம் இருக்கும் என்று பாடப் புத்தகம் சொல்லும். கொடுத்தார்களா? இறக்குமதியால் வேலை இழப்பவர்களுக்காக அமெரிக்காவில் 1962-ல் ஒரு உதவித் திட்டம் வந்தது. ஆனால் அது ‘பொருள்’ தயாரிப்பவர்களுக்கு என்று இருந்ததால் 2000-களின் தொடக்கத்தில் பல புரோகிராமர்களின் மனு தள்ளுபடியானது. 2009-ல் சேவைத் துறையினரையும் சேர்த்தார்கள். 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்கு அனுமதி தருவதே நின்றுபோனது. 2025 செப்டம்பரில் இதற்கு நேர்மாறான ஒரு வழி வந்தது: வெளிநாட்டு வேலைக்குத் தரும் பணத்துக்கு 25 சதவீதம் வரி போட வேண்டும் என்று அமெரிக்க செனட்டில் மசோதா கொண்டுவந்தார்கள். என் அபிப்பிராயத்தில், ஈட்டுத்தொகையைக் கைவிட்டதால்தான் வரி கேட்கும் குரல் இவ்வளவு உரக்கக் கேட்கிறது.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? பல பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேரும் இன்ஜினியருக்கு வருடச் சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது, வருடக்கணக்காக. வேலை போனால் மூன்று மாதம் வரை சம்பளத்தில் ஒரு பகுதியைத் தரும் திட்டம் இ.எஸ்.ஐ.யில் 2018-ல் வந்தது, ஆனால் இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள உச்சவரம்பு 2017-ல் 21,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. மூன்றரை லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். கஷ்டப்பட்டு அந்தக் கோட்டைத் தாண்டியவன் அந்த உதவியையும் தாண்டிவிடுகிறான்.

போன வருடம் அதே க்ளெய்ம் வேலை மெக்ஸிகோவுக்கு மாறியது. அமெரிக்காவோடு ஒட்டிய நேரம், ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம். கே.டி. கொடுக்க வேண்டியவன் இந்த முறை நான். அங்கிருந்த பையனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். நிறையக் கேள்வி கேட்டான். மாதக் கடைசி ஜாப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

நானே சொன்னேன்.