தோட்டத்து மண் அணை உடைந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் தாத்தா காலத்துக் காப்பித் தோட்டத்தில் ஒரு மண் அணை இருக்கிறது. உயரம் 11 மீட்டர், நீளம் 160 மீட்டர். சுமார் 1 லட்சம் கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். சகோதரர்கள் மூவருக்கும் இன்னும் பாகப்பிரிவினை ஆகவில்லை. அணைக்குக் கீழே ஓடையோரம் சில ஆண்டுகளாக வீடுகள் வந்துவிட்டன. பார்வையிட்ட பொறியாளர், “இது அதிக அபாய வகை” என்கிறார். கரையில் ஒரு விரிசல்கூட இல்லை. அணைப் பாதுகாப்புச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துமா? உடைந்தால் யார் பொறுப்பு?
– வாசகர், ஏற்காடு

பதில்: பொறியாளர் சொன்னது சரி. கரை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை வைத்து அபாய வகை முடிவாவதில்லை. உடைந்தால் கீழே எத்தனை உயிர், எவ்வளவு உடைமை போகும் என்பதே கணக்கு. கரையில் ஒரு கூடை மண்ணைக்கூட நீங்கள் மாற்றவில்லை என்றாலும், அந்த வீடுகள் வந்தபோதே உங்கள் அணையின் வகை மாறிவிட்டது.

இனி, சட்டம். அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 தனியாருக்கும் பொருந்தும். ஆனால் எல்லா அணைகளுக்கும் பொருந்தாது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகள் அதற்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரையானால், நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர், வெள்ளப் போக்கு விநாடிக்கு 2,000 கன மீட்டர் ஆகியவற்றில் ஒன்றையாவது எட்டியிருக்க வேண்டும். அல்லது அடித்தளத்தில் கடும் சிக்கலோ வழக்கத்துக்கு மாறான வடிவமைப்போ இருக்க வேண்டும். நீங்கள் தந்த அளவுகளின்படி உங்கள் அணை இதற்கு வெளியே நிற்கிறது. ஆனால் சட்டம் உயரத்தை அடித்தளத்தின் தாழ்ந்த பகுதியிலிருந்து அளக்கச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் கரையை மட்டும் அளந்திருந்தால், மறுபடி அளக்கச் செய்யுங்கள்.

சட்டத்துக்கு வெளியே நிற்பதால் பொறுப்பு நீங்கிவிடாது. ஒருவர் தன் நிலத்தில் தேக்கிய தண்ணீர் அடுத்தவர் சுரங்கத்துக்குள் பாய்ந்த ரைலண்ட்ஸ் – ஃபிளெட்சர் வழக்கில், உரிமையாளரின் சொந்தக் கவனக்குறைவு நிரூபிக்கப்படாமலே அவர் பொறுப்பாளி என்று 1868-ல் இங்கிலாந்தில் தீர்ப்பானது. 1874-ல் பிரிவி கவுன்சில், கார்வேட்டிநகர ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில்வேக்கு ஏற்பட்ட சேதத்தில் ஜமீன்தாரை விடுவித்தது. அந்த ஏரிகள் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை, கவனக்குறைவும் இல்லை என்பவை காரணங்கள். உங்கள் அணை சொந்தப் பாசனத்துக்கானது. அந்தப் பாதுகாப்பை நம்பி இருக்காதீர்கள். உயிரிழப்பு நேர்ந்து கவனக்குறைவும் நிரூபணமானால், பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பொறியாளரின் எச்சரிக்கை உங்கள் கையில் இருக்கும்போது, “எதிர்பாராத மழை” என்ற வாதம் வலுவிழந்துவிடும்.

பாகம் பிரியாததால் மூவரும் கூட்டுப் பொறுப்பாளிகள். பாதிக்கப்பட்டவர் உங்களில் எவர் மீதும் முழு இழப்பீட்டுக்கு வழக்குத் தொடரலாம். “பராமரிப்பு அண்ணன் பார்த்தார்” என்று சொல்லித் தப்ப முடியாது.

2018 மே மாதம் கென்யாவின் சோலாய் பகுதியில் தனியார் பண்ணையின் மண் அணை உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கும் கீழே இருந்தவை குடியிருப்புகளே.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்ய வேண்டியவை:

1. அணைகளில் அனுபவமுள்ள பொறியாளரிடம் எழுத்துப்பூர்வ அறிக்கை பெறுங்கள்.

2. கலிங்கில் மண்ணும் புதரும் அடைக்காமல் பாருங்கள். தண்ணீர் கரைக்கு மேல் வழிந்தால் மண் கரை தாங்காது.

3. மரக்கன்று, எலி வளை, கரை உள்வாங்கிய இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கசிவு கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். உடனே பொறியாளரை அழையுங்கள். அவர் சொல்லும் வேகத்தில் மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறையுங்கள்.

4. பராமரிப்புச் செலவையும் பொறுப்பையும் பிரித்து, மூவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தம் எழுதுங்கள்.

5. மாவட்ட ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் அறிக்கையின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கீழே குடியிருப்போரின் தொலைபேசி எண்களைப் பட்டியலிட்டு, இரவிலும் எச்சரிக்கும் ஏற்பாட்டை அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இவற்றைச் செய்தால் நீதிமன்றத்தில் உங்கள் நிலை பலப்படும். அதைவிட முக்கியம், நீதிமன்றம் போகும் நிலையே பெரும்பாலும் வராது. தண்ணீரின் பலனை மூன்று தலைமுறையாக அனுபவித்த குடும்பம், கீழே உறங்குபவர்களுக்கு இந்தக் கடமையைச் செய்தே ஆக வேண்டும்.