நெருப்பில்லாப் புகையும் நுரையீரலும்

பீடி, சுருட்டு, கஞ்சா ஆகியவற்றால் விளையும் தீமையை நமது கிராமத்துப் பெரியோர்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய அவசியமில்லை. இருமி மெலிந்தவர்களை அவர்கள் கண்கூடாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால், இப்பொழுது நெருப்பும் சாம்பலும் இல்லாத ஒரு புகை வந்துள்ளது. பேனாவைப் போன்ற சிறு கருவி. அதனுள் மின்கலமும், சூடேறும் கம்பியும், சிறிது திரவமும் உள்ளன. சூட்டில் ஆவியாகும் திரவத்தை உறிஞ்சுகிறார்கள். இதுவே மின்னணுச் சிகரெட்; இளைஞர்கள் ‘வேப்’ என்பர். திரவத்தில் நிகோடின் இருக்கலாம். கஞ்சாவின் மயக்கச் சத்தாகிய டி.எச்.சி. இருக்கலாம், அச்சத்தை மாற்றியோ, அதைப் போலச் செயற்படும்படியோ செய்த ரசாயனமும் இருக்கலாம்.

வயிறு வேறு, நுரையீரல் வேறு

மிளகாய் வற்றலை நாம் நாள்தோறும் உண்கிறோம். அதே வற்றல் தாளிக்கையில் கருகினால், நெடி தாங்காமல் வீடே இருமுகிறது. வயிற்றுக்கு ஏற்ற பொருள் நுரையீரலுக்கு ஏற்றதன்று. உண்டதைச் செரிக்க வயிற்றுக்கு வழியுண்டு. நுரையீரலிலோ மிக மெல்லிய சுவருடைய காற்றறைகளே உள்ளன. அவற்றின் வழியாகவே பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. அவை புண்பட்டால் மூச்சு முட்டும்.

அமெரிக்கா கற்ற பாடம்

2019இல் அமெரிக்காவில், நல்ல உடல்நலத்துடன் இருந்த இளைஞர் பலர் திடீரென மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் சேர்ந்தனர். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. 68 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் டி.எச்.சி. கலந்த திரவத்தை உறிஞ்சியவர்கள். நோயாளிகள் 51 பேரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தபோது, 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருள் காணப்பட்டது. வியாபாரிகள் திரவத்தைக் கெட்டியாக்க இதைச் சேர்த்திருந்தனர். மாத்திரையிலும் தோலில் பூசும் களிம்பிலும் தீங்கின்றிப் பயன்படும் பொருளே மூச்சில் புகுந்து நஞ்சாயிற்று.

பின்னர், டி.எச்.சி.யை ரசாயன முறையில் மாற்றிச் செய்த டி.எச்.சி.-ஓ அசிடேட் என்ற பொருள் அங்கே விற்பனைக்கு வந்தது. 2022இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதைக் கருவியில் சூடேற்றிப் பார்த்தபோது, நுரையீரலைத் தாக்கும் கீட்டின் என்ற நச்சுவாயு உண்டாவதைக் கண்டனர். மனிதருக்கு இதனால் விளையும் கேடு இன்னும் முழுமையாக அளந்தறியப்படவில்லை. அளந்து முடியும்வரை நம் பிள்ளைகள் சோதனைப் பொருளாக வேண்டியதில்லை.

உள்ளே இருப்பது எதுவென வாங்குபவனும் அறியான். இங்கிலாந்தில் 38 பள்ளிகளில் பறிமுதலான 596 கருவிகளைச் சோதித்ததில், ஏறத்தாழ ஆறில் ஒன்றில் செயற்கைக் கஞ்சா ரசாயனம் இருந்ததாக 2024இல் தெரிய வந்தது.

மறைத்தல் ஆகாது

இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். நிமோனியாவுக்கும் இவையே அறிகுறிகளாதலால், உறிஞ்சிய செய்தியை மறைத்தால் மருத்துவர் நோயைப் பிரித்தறிவது கடினம். மானத்திற்கு அஞ்சி மறைக்கும் ஒரு நாள் உயிருக்கே உலை வைக்கலாம். மூச்சுத் திணறினால் உடனே 108 ஊர்தியை அழைத்து, உள்ளதை உள்ளபடி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மீதமுள்ள கருவியையும் அவரிடம் காட்டுவது நலம். பழக்கத்தை விட விரும்புவோர் 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம்.

பஞ்சாயத்தின் கடமை

மின்னணுச் சிகரெட்டை நமது நாடு 2019இலேயே தடை செய்துவிட்டது. விற்பவருக்கு முதற் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆயினும் கள்ள விற்பனை முற்றிலும் ஒழியவில்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் மதுரைக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகள் பலர். ஆதலால், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பொருளை எடுத்துப் பேசுவார்களாக. பள்ளித் தலைமையாசிரியரையும் கிராமச் செவிலியரையும் அழைத்துப் பெற்றோருக்கு விளக்கச் செய்யலாம். விற்பவரைப் பற்றிய செய்தி போலீசாருக்குப் போகட்டும். பழகிவிட்ட பிள்ளையோ மருத்துவரிடம் போகட்டும். பயிரில் நோய் கண்டால் மறைக்காமல் வேளாண்மை அலுவலரிடம் இலையைக் கொண்டுவந்து காட்டும் விவசாயி, தம் பிள்ளையின் விஷயத்திலும் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும்.